வாசல் படமும் காலை பத்து மணியும்: வன்முறைக்கு ஆள் கூப்பிடும் பதிவை என்ன செய்வது?

தேர்தல் நேரம். இரவு பதினொன்று பத்து. அயனாவரம் பக்கம் நான்கைந்து தெருக்கள் சேர்ந்த எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு, 380 பேர். தண்ணி லாரி எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டு நாயைக் காணோம் என்பதற்காக ஆரம்பித்தது. அட்மின் மூன்று பேர். வங்கியிலிருந்து ரிட்டயரான ஒரு சார், ஹைகோர்ட்டில் ஜூனியர் வக்கீலாக இருக்கும் ஒரு பெண், அப்புறம் நான்.

அன்று இரவு அதில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அடுத்த தெருவில் இருக்கும் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர், தெருமுனைக் கூட்டத்தில் இன்னொரு கட்சித் தலைவரைப் பற்றிப் பேசியது. பேச்சு தரக்குறைவுதான், அதில் சந்தேகமில்லை. வீடியோவுக்குக் கீழே அவர் வீட்டின் படம். நீலக் கேட், கேட்டை ஒட்டி நிறுத்திய ஸ்கூட்டர், திண்ணையில் காயப்போட்ட பள்ளிக்கூட யூனிஃபார்ம். அதற்கும் கீழே இப்படி இருந்தது: "நாளைக்குக் காலைல பத்து மணி. வாசல்லேர்ந்து இழுத்துட்டு வரணும். யாரு யாரு வர்றீங்க, கை தூக்குங்க." நான் பார்ப்பதற்குள் பதினான்கு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

மூன்று பேரும் போனில் பேசினோம். சார் சொன்னார்: "விடு தம்பி, பசங்க சூட்டுல எழுதுறாங்க. காலைல மறந்துடுவானுங்க. நாம கை வெச்சா நமக்குக் கட்சிச் சாயம் பூசிடுவாங்க." எனக்கு இருந்த கோபத்தில் எழுதியவனை உடனே குரூப்பிலிருந்து தூக்கி, போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றேன். ஜூனியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அண்ணா, இதுல இருக்கிற கெட்ட வார்த்தைய விடுங்க. இதுல டைம் இருக்கு, வீடு இருக்கு. அதைப் பாருங்க."

அந்த இரவு எங்கள் முன்னால் இருந்தது நான்கு வழிகள். விட்டுவிடலாம். போலீசுக்குப் போகலாம். வாயையே அடைக்கலாம், அதாவது குரூப்பை மூடலாம். கம்பெனியிடம் புகார் செய்துவிட்டு அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அரசாங்கங்களுக்கு முன்னாலும் இதே நான்குதான் இருக்கின்றன. கருத்துச் சுதந்திரத்தின் எல்லை எது என்று பேசும்போது பேசியவர் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம் என்று இரண்டு நாற்காலிதான் போடுகிறோம். நீலக் கேட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு நாற்காலியே இல்லை. அதனால் நான்கு வழிகளையும் ஒரே கேள்வியால் எடை போடுகிறேன். இன்று இரவு அந்த மனிதருக்கு இது ஏதாவது செய்யுமா? அதைச் செய்வதற்காக மற்றவர்கள் வாயிலிருந்து எவ்வளவு பிடுங்கும்?

சார் சொன்ன "விடு" என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கா ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஓஹாயோவில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவர் ஒருவர் கூட்டத்தில் மிரட்டலாகப் பேசித் தண்டனை பெற்றார். 1969-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. வன்முறையை நியாயப்படுத்திப் பேசுவது மட்டும் குற்றமாகாது; உடனடியாக ஒரு சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கம் இருக்க வேண்டும், அந்தச் செயல் நடந்துவிடக்கூடிய வாய்ப்பும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சட்டம் தொடும். வெறியர்களுக்கு எதற்கு இந்தச் சலுகை என்று கேட்கத் தோன்றும். அதே விதிதான் 1982-ல் மிசிசிப்பியின் கறுப்பின மக்களைக் காப்பாற்றியது. வெள்ளையர் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தில், கட்டுப்பாட்டை மீறிக் கடைக்குப் போகிறவர் கழுத்தை முறிப்போம் என்று சார்ல்ஸ் எவர்ஸ் பேசியிருந்தார். உணர்ச்சிகரமான அந்தப் பேச்சுக்கும் பிறகு நடந்தவற்றுக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் அவரை விட்டது.

நம் ஊர் மேடைத் தமிழுக்கு இப்படி ஒரு தாராளம் தேவை என்றே நினைக்கிறேன். "ஓட ஓட விரட்டுவோம்", "வேரோடு பிடுங்கி எறிவோம்", "நாக்கை அறுப்போம்", "தமிழ்நாடே பற்றி எரியும்". சேப்பாக்கத்திலும் வள்ளுவர் கோட்டத்திலும் ஒரு வாரம் நின்றால் இத்தனையும் காதில் விழும். பேசி முடித்தவர் கூட்டம் கலைந்ததும் எதிர்க்கட்சிக்காரரோடு ஒரே கடையில் டீ குடிப்பார். இதையெல்லாம் தூண்டுதல் என்று எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் வெளியே இருப்பவர்கள் குறைவு.

ஆனால் "உடனடி" என்ற அளவுகோல் கூட்டமும் மைக்கும் இருந்த காலத்துக்குச் செய்தது. அது எங்கே தோற்கிறது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சாவு இருக்கிறது. 2015 அக்டோபரில் காசெல் நகரத்துக்குப் பக்கத்தில், அகதிகள் விடுதி பற்றிய ஊர்க்கூட்டம். வால்டர் லூப்கே என்ற வட்டார நிர்வாகத் தலைவர், கூச்சல் போட்டவர்களைப் பார்த்து, இந்த நாட்டின் மதிப்பீடுகளை ஏற்காதவர் எப்போது வேண்டுமானாலும் நாட்டைவிட்டுப் போகலாம் என்றார். அந்தத் துண்டு வீடியோ இணையத்தில் ஏறியது. வருஷக்கணக்கில் சுற்றியது. வசவு, கொலை மிரட்டல், வீட்டு முகவரி எல்லாம் சேர்ந்துகொண்டே போனது. 2019 ஜூன் 1-ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், தன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தலையில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் அந்த 2015 கூட்டத்தில் நின்றவன். 2021 ஜனவரியில் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

பேச்சுக்கும் குண்டுக்கும் நடுவில் மூன்று வருஷம் ஏழு மாதம். இடையில் வந்த பதிவுகளில் எந்த ஒன்றை எடுத்தாலும் "உடனடி" என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் ஒரு சுள்ளி. ஆயிரம் பேர் ஆளுக்கொன்று போட்டார்கள். விட்டுவிடுவது என்ற வழியில் பேசுகிறவருக்குப் பெரிய பாதுகாப்பு கிடைக்கிறது. குறி வைக்கப்பட்டவருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

அடுத்தது நான் கேட்டது: போலீஸ், வழக்கு, கைது. இந்தக் கதை சென்னையில்தான் ஆரம்பிக்கிறது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த வருஷமே மதராஸ் அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மறு வருஷமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கு வரம்பு போடக்கூடிய காரணங்களில் "பொது ஒழுங்கு", "குற்றத்துக்குத் தூண்டுதல்" இரண்டும் ஏறின. "நியாயமான" கட்டுப்பாடு என்ற சொல்லும் கூடவே வந்தது. இன்று வரை நாம் நிற்பது அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான்.

அந்தச் சொல்லுக்கு உருவம் கொடுத்ததிலும் தமிழகத்துக்குப் பங்கு உண்டு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் இட ஒதுக்கீடு பற்றிய கருத்துக்காக எதிர்ப்பைச் சந்தித்தது. திரையிட்டால் கலவரம் வரும் என்றது அரசு. சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஆபத்து எங்கோ தூரத்தில், ஊகமாக இருந்தால் போதாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த பொறி மாதிரி பேச்சோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றது. கும்பல் மிரட்டுகிறது என்பதற்காகப் பேசுகிறவரை அடக்குவது அரசின் வேலையல்ல, கும்பலை அடக்குவதுதான் வேலை என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் ரத்து செய்தபோது இன்னும் தெளிவாகப் படி பிரித்தார்கள்: ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதை ஆதரித்துப் பேசுவது, அதைச் செய்யத் தூண்டுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமை. மூன்றாவதில்தான் சட்டம் உள்ளே வரலாம்.

காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் வேண்டியதில்லை. கையில் எடுக்கும்போதுதான் கோணுகிறது. 2002-ல் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 19 மாதம் சிறையில் இருந்தார். வன்முறையை வளர்க்கும் நோக்கமில்லாமல் வாயால் ஆதரவு சொல்வது மட்டும் அந்தச் சட்டப்படி குற்றமில்லை என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியபோது அவர் உள்ளேதான் இருந்தார். 2015-ல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மீது தேசத் துரோக வழக்கு. 2023 ஜூனில், வேறு ஆட்சியில், பா.ஜ.க. மாநிலச் செயலாளர் ஒருவர் ஒரு ட்வீட்டுக்காகச் சென்னையில் கைதானார். இந்த மூன்றிலும் யாருடைய வாசலும் இல்லை, யாரும் ஆள் கூட்டவில்லை. ரத்து செய்யப்பட்ட 66ஏ-யிலேயே போலீஸ் தொடர்ந்து வழக்குப் போட்டு வந்ததைப் பார்த்து 2021-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. குண்டர் சட்டமும் இருக்கிறது, 1982-ஆம் வருஷத்து 14-ஆம் எண் சட்டம். விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை வைக்கலாம். கோர்ட் திருப்பி அனுப்பினால் என்ன, மாதங்கள் போனது போனதுதான்.

அதற்காகக் கைதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலை கடைசியில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் தஞ்சம் தேடி வந்தவன் என்று ஒரு பொய் பரவியது. அகதிகள் தங்கிய ஹோட்டல்களைக் கொளுத்துங்கள் என்ற பொருளில் ஒரு பெண் எழுதினார். நான்கு மணி நேரம் ஆவதற்குள் நீக்கிவிட்டார். அதற்குள் 3 லட்சத்து 10 ஆயிரம் முறை பார்க்கப்பட்டிருந்தது. சில நாளில் ராதரமில் நிஜமாகவே ஹோட்டலைச் சூழ்ந்து தீ வைக்க முயன்றார்கள். அவருக்கு 31 மாதச் சிறை. வழக்குப் போட்டது சரி, 31 மாதம் அதிகம் என்பது என் கருத்து. உள்ளே ஆட்கள் இருக்கும் கட்டடத்தைக் காட்டி நெருப்பு என்று எழுதுவது கருத்துச் சொல்வது ஆகாது.

நம் நாட்டிலும் 2025 மார்ச்சில் ஒரு நல்ல கதவு திறந்தது. ஒரு எம்.பி. பதிவிட்ட கவிதைக்காகக் குஜராத் போலீஸ் போட்ட வழக்கை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவு வரை தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில் எடுத்தவுடன் எஃப்.ஐ.ஆர். போடாமல் 14 நாளில் முதல்கட்ட விசாரணை செய்து பார்ப்பதே பொருத்தம் என்றது. எதைக் கேட்டாலும் பதறுகிறவரின் காதால் பேச்சை அளக்கக் கூடாது, நெஞ்சுரம் உள்ள மனிதரின் காதால் அளக்க வேண்டும் என்றும் சொன்னது. இதை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் எங்கள் தெருக் கணக்கில் அன்று இரவு இருந்தது 14 நாள் இல்லை, பதினோரு மணி நேரத்துக்கும் குறைவு. பேசியவரைக் காக்கும் கடிகாரம் ஒன்று, குறி வைக்கப்பட்டவரின் கடிகாரம் இன்னொன்று. இரண்டையும் ஒரே எஃப்.ஐ.ஆரில் அடைக்கப் பார்ப்பதால்தான், ஒன்று அவசரப்பட்டுக் கைது செய்கிறார்கள், இல்லையென்றால் "காலைல வாங்க" என்கிறார்கள்.

வாயையே அடைப்பது, அதாவது இணையத்தை வெட்டுவது, கணக்கை முடக்குவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். சுட்டவர்கள் மேல் கேள்வி எழுப்ப வேண்டிய நேரத்தில் கேட்டவர்களின் கை கட்டப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் கணக்குகளை முடக்கும் உத்தரவுகளோ ரகசியமாக வைக்கப்படுபவை. எதற்காக என்று தெரியாமல் எதிர்த்து வாதாடுவது எப்படி? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானவர்களை அமைதியாகக் கொண்டுவந்து உட்கார வைத்ததும் போன் பதிவுகள்தான். ஒரு வாரம் ஒரு கல் பறக்கவில்லை. 23-ஆம் தேதி நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்ததை வைத்து அந்தப் பதிவுகள் அத்தனையையும் எடை போட்டால் அது அநியாயம்.

நான்காவது வழிதான் இன்று எல்லோரும் சாய்கிற இடம்: கம்பெனி பார்த்துக்கொள்ளும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நம் மொழி சம்பந்தப்பட்ட விஷயம்.

மியான்மரில் தன் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று 2018-ல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. ஒரு மொழியை உள்ளிருந்து தெரிந்த ஆட்கள் இல்லாமல் அந்த மொழியில் எது மிரட்டல், எது வேடிக்கை என்று பிரிக்க முடியாது. தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். "கொன்னுடுவேன்" என்பது சென்னையில் அம்மா மகனிடம் ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்வது. "வெட்டுறேன் பார்" என்பது கிரிக்கெட்டில் தோற்றவன் சொல்வது. மெஷின் இதையெல்லாம் பிடிக்கும். நிஜமாக ஆபத்தான தமிழில் ரத்தம் தெரியாது. "நாளைக்கு ஒரு சம்பவம் இருக்கு." "ஸ்கெட்ச் போட்டாச்சு." "அவரைக் கொஞ்சம் கவனிச்சுக்கலாம்." "மாலை ரெடி பண்ணிடுங்க." இதில் எந்தச் சொல்லை எந்த மெஷின் பிடிக்கும்? வடசென்னையில் வளர்ந்த எவருக்கும் படித்தவுடன் அடிவயிறு கலங்கும். 2018 மே மாதம் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவரை, குழந்தை கடத்த வந்தவர் என்று சொல்லித் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடித்தே கொன்றார்கள். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதற்கு முன்னால் ஊர் ஊராகச் சுற்றிய செய்திகள் எல்லாம் "ஜாக்கிரதை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற தொனியில் இருந்தவை.

வாட்ஸ்அப்பில் இன்னொரு சிக்கல். செய்தி பூட்டப்பட்டே போகிறது, கம்பெனியே படிக்க முடியாது. யாராவது ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து செய்திகள் அவர்களுக்குப் போகும். எங்கோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு நீலக் கேட் ஒரு நீலக் கேட்தான். அது யார் வீடு, பத்து மணிக்கு அங்கே வரக்கூடியவர்கள் யார் என்பது எங்கள் தெருவுக்குத்தான் தெரியும்.

ஆகவே எதை அளப்பது? 2012-ல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் ரபாத் நகரில் உருவான செயல்திட்டம் ஆறு கேள்வி கேட்கச் சொல்கிறது: சூழல் என்ன, சொல்பவர் யார், நோக்கம் என்ன, சொன்னது என்ன, எத்தனை பேரிடம் போகிறது, நடந்துவிட எவ்வளவு வாய்ப்பு. நல்ல கேள்விகள். இவற்றோடு என் பங்குக்கு மூன்று சேர்க்கிறேன்: பெயர், இடம், நேரம். ஒரு பதிவில் இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அது கருத்தின் எல்லையைத் தாண்டி ஏற்பாடு ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். காசு பேசினால் ஒன்றே போதும். 2023 செப்டம்பரில் சென்னை மாநாடு ஒன்றில் சனாதனம் பற்றிப் பேசிய உதயநிதியின் தலைக்கு அயோத்திச் சாமியார் ஒருவர் 10 கோடி ரூபாய் விலை வைத்தார். என் தலையைச் சீவ 10 கோடி எதற்கு, 10 ரூபாய் சீப்பு போதுமே என்று அவர் பதில் சொன்னார். அப்போது அவர் அமைச்சர், காவல் உண்டு, சிரிக்கலாம். எங்கள் வட்டச் செயலாளருக்கு நீலக் கேட் ஒன்றுதான் காவல்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் த.வெ.க. கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த ஓரிரு நாளில், அந்தக் கட்சியின் முன்னணி நிர்வாகி ஒருவர், இலங்கையிலும் நேபாளத்திலும் நடந்தது போல இளைஞர் புரட்சி வரும் என்ற பொருளில் எழுதிவிட்டுச் சீக்கிரமே நீக்கினார். சென்னை போலீஸ் வழக்குப் போட்டது. இதில் எனக்கு இரண்டு மனது. காத்மாண்டுவில் நாடாளுமன்றம் எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எழுதியவர் சாதாரண ஆள் இல்லை, கேட்பவர்கள் துக்கத்திலும் கோபத்திலும் இருந்தவர்கள். ரபாத் கேள்விகளில் முதல் இரண்டும் அவருக்கு எதிராகவே நிற்கின்றன. ஆனாலும் அதில் யாருடைய பெயரும் இல்லை, வாசலும் இல்லை, மணியும் இல்லை. பொறுப்பில்லாத எழுத்து என்று அரசியலில் வைத்துக் கேட்க வேண்டியது, சிறையில் வைத்துக் கேட்க வேண்டியது இல்லை என்ற பக்கம்தான் கடைசியில் நிற்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். நான்கு வழியில் எதையும் முழுசாக எடுக்கவில்லை. ஜூனியர் வரிசை போட்டாள். "முதல்ல எடுங்க, அப்புறம் அழிங்க." அனுப்பியவரின் நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட். எலெக்ட்ரானிக் ஆவணத்தைக் கோர்ட்டில் வைக்க புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும், அதனால் படம் எடுத்த போனை யாரும் மாற்றக் கூடாது என்றாள். அதற்குப் பிறகு அட்மின் உரிமையில் எல்லோருக்கும் அந்தப் பதிவை நீக்கினோம். அடுத்த நாள் மதியம் வரை அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினோம். சாருக்கு பயம், "நாளைக்கு நம்ம மேலயே கேஸ் வந்தா?" என்றார். மதுரைக் கிளை 2021 டிசம்பரிலேயே இதைச் சொல்லிவிட்டது, ஒருவர் வெறும் அட்மின் என்பதற்காகக் குரூப்பில் பிறர் எழுதியதற்கு அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று அவள் விளக்கினாள். அந்த வழக்கும் கரூர் வக்கீல்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றைப் பற்றியதுதான்.

அப்புறம் அந்த வட்டச் செயலாளருக்கு நானே போன் செய்தேன். பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. 380 பேர் பார்த்திருக்கிறார்கள், பதினான்கு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள், அவரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. முதலில் கோபப்பட்டார், வரட்டும் பார்க்கிறேன் என்றார். வீட்டுப் படமும் போட்டிருக்கிறார்கள் என்றதும் குரல் இறங்கியது. "தம்பி, திண்ணைல பொண்ணு யூனிஃபார்ம் தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். அந்த இரவே மனைவியையும் பெண்ணையும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கிடைத்த பதில் "கட்சித் தகராறு, காலைல ரெண்டு தரப்பையும் கூட்டிட்டு வாங்க" என்பதுதான். ஜூனியர் குரலை உயர்த்தவில்லை. "சார், யாரையும் அரெஸ்ட் பண்ணச் சொல்லி வரல. நடக்கப் போற குற்றத்தைத் தடுக்க 168-ல உங்களுக்கே அதிகாரம் இருக்கு. ஒன்பதரைக்கு அந்த வாசல்ல ஒரு கான்ஸ்டபிள் நின்னா போதும்" என்றாள். பழைய 149-ஆம் பிரிவுதான் இன்று புதிய நடைமுறைச் சட்டத்தில் 168. மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு ஒருவர் வந்து நின்றார். பத்து மணிக்கு நான்கு பைக்கில் ஏழு பேர் தெரு முனைக்கு வந்தார்கள். டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றார்கள். போய்விட்டார்கள்.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். சட்டத்தில் ஒரே ஒரு புதுக் கடமையைச் சேர்க்க எனக்கு உரிமை இருந்தால், குறி வைக்கப்பட்டவருக்கு உடனே தகவல் சொல்லும் கடமையைச் சேர்ப்பேன். புகார் வந்த கம்பெனி சொல்ல வேண்டும், தகவல் கிடைத்த போலீஸ் சொல்ல வேண்டும். முகவரியும் வீட்டுப் படமும் உள்ள பதிவை மணிக்கணக்கில் நீக்க வேண்டும். எழுதியவர் மேல் வழக்கா என்பதை அந்த 14 நாள் நிதானத்தில் முடிவு செய்யட்டும். லூப்கேயின் விஷயத்தில் ஆயிரம் பேரைக் கைது செய்திருந்தால் ஜெர்மனி ஊமையாகியிருக்கும். முகவரி போன இடத்திலெல்லாம் அதை எடுத்திருந்தால், தொடர்ந்து மிரட்டியவர்கள் யார் என்று ஒரு கண் வைத்திருந்தால், யார் வாயையும் மூட வேண்டியிருந்திருக்காது.

நீக்குவதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நாங்கள் அழிப்பதற்குள் அந்தப் படம் வேறு குரூப்களுக்குப் போயிருந்தது. ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2018-லேயே வரம்பு வைத்துவிட்டார்கள், ஆனால் ஐந்து ஐந்தாகப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வட்டச் செயலாளர் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார். ஸ்கூட்டரை உள்ளே நிறுத்துகிறார்.

வழக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எழுதியவனுக்கு இருபத்திரண்டு வயசு, டெலிவரி வேலை. வீட்டுக்கு வந்து முகத்தைப் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டானாம். "நான் பேசினதும் தப்புதான்டா, அதுக்கு மேடை போட்டுத் திட்டு, வீட்டுக்கு வராதே" என்றாராம். ஆறு மாதம் கழித்து அவனைக் குரூப்பில் மறுபடி சேர்க்கலாமா என்று ஓட்டு வைத்தோம். சார் வேண்டாம் என்றார். நானும் ஜூனியரும் சேர்க்கலாம் என்றோம், சேர்த்தோம். குரூப்பின் மேலே இப்போது ஒரு வரி நிற்கிறது: "யார் பெயரோடும் வீடு, நேரம், போன் நம்பர் போட்டு ஆள் கூப்பிடும் பதிவு நீக்கப்படும், அவருக்குத் தகவல் சொல்லப்படும்."

போன வாரம் அந்தப் பையன், மழைநீர் வடிகால் வேலைக்குத் தோண்டி மூடாமல் போட்ட பள்ளத்தின் படத்தைப் போட்டு எழுதியிருந்தான்: "இந்த ஆட்சியை வேரோடு பிடுங்கி வங்கக்கடலில் வீசுவோம்." சார் போன் செய்து கேட்டார், எடுத்துடலாமா தம்பி என்று. வேண்டாம் சார், இருக்கட்டும் என்றேன்.